ஆறாவது மாடியிலிருந்து இறங்கிய ஜெட்

1. திருப்பம்

விமானம் ஐந்தாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டபோது காலை பத்து மணி. மூக்கு கீழே, வால் மேலே. இடது இறக்கை கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில். வலது இறக்கையின் நுனி ஐந்தாவது மாடி அம்மாவின் இரும்புக் கதவுக்குள். சந்தைக்குப் புறப்பட்ட அந்த அம்மா கூடையும் கையுமாகக் கதவுக்கு உள்ளே நின்று, தன் வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்த இறக்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் மேல்படியில் வாலைப் பிடித்திருந்தேன். கீழ்ப்படியில் மூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் கோ தூயா. எங்கள் பட்டறையில் லேசர் கட்டர் ஓட்டுபவர், நாற்பது வயதுக்காரர், பர்மியர். என்னோடு பதினைந்து வருஷம் இருந்ததில் தமிழ் பாதி புரியும், திட்டு முழுதும் புரியும்.

இருபத்திரண்டு வருஷமாக மாடல் செய்கிறவள் நான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எட்டு பிளான் போட்டேன். சக்கரத்தின் காற்று வால்வு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. படிக்கட்டு மட்டும் இல்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. சிரித்து முடித்ததும் உங்கள் பிளானை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

2. கயிற்றில் வந்த கடுதாசி

என் பெயர் காமாட்சி. தெருவில் கேட்டால் மா கேத்தி என்றுதான் தெரியும்; பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயர் அது. பட்டறை லான்மடாவில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. பெயின்ட் நெடி யாருக்கும் போகாது, காற்று நன்றாக வரும் என்று அங்கே வைத்தோம். மூச்சு வாங்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் வேலை கட்டட மாடல். காண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளைக் கட்டுகிற கம்பெனிகள் விற்பனை ஆபீசில் கண்ணாடிக்குள் வைப்பார்களே, அது. பன்னிரண்டு மாடிக் காண்டோவை நான்கு துண்டாகச் செய்வோம். ஒவ்வொரு துண்டும் தனிப் பெட்டியில் கீழே போகும், ஆபீசில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவோம். முழுசாகச் செய்தால் எங்கள் படியில் இறங்காது என்பதுதான் காரணம். நாள்பட்ட பழக்கம் என்பதால் அந்தக் காரணத்தைப் பிளான் தாளில் யாரும் எழுதியதே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மாடி வீடுகளையும் போல எங்கள் பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே கிளிப். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டி ஒரு இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாங்கள் தூக்கிக்கொள்வோம். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் மணி அடித்தது. தூக்கினேன். பேப்பர் இல்லை, நான்காக மடித்த ஒரு தாள். தமிழில் எழுதியிருந்தது. என் கயிற்றில் தமிழ்க் கடுதாசி வந்தது அதுதான் முதல் தடவை.

"மதிப்பிற்குரிய மாடல் அம்மா அவர்களுக்கு. எனக்கு ஒரு ஜெட் விமானம் செய்ய வேண்டியுள்ளது. ஆறு மாடி ஏற முழங்கால் சம்மதிக்கவில்லை. கீழே டீக்கடையில், நீல முக்காலியில் இருக்கிறேன். இப்படிக்கு, சவரிமுத்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், ஓய்வு."

தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு ஜெட். கை நடுங்கும் வயது என்பது கையெழுத்தில் தெரிந்தது. படத்தில் ஒரு கோடுகூட நடுங்கவில்லை.

கீழே போனேன். எண்பது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லோன்ஜி, தோளில் ஷான் பை. பையிலிருந்து டேப், சிவப்புப் பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம் மூன்றையும் வரிசையாக எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"பதினெட்டு வருஷம் இந்த ஜெட்டுல வேலை பாத்தேம்மா. பசங்க பறக்கப் படிக்கிற ட்ரெயினர். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். ரெண்டு ரெக்கை நுனியிலயும் ஒரு டேங்க்."

"நீங்க பறந்திருக்கீங்களா அய்யா?"

"ஒரு நாளும் இல்ல. நான் பூட்டினேன், அவனுங்க பறந்தாங்க. திரும்பி வந்தா நான்தான் கை காட்டி நிறுத்துவேன்."

இந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஜெட் என்றால் யாருக்கும் முகம் மலராது. அதற்கு மேல் இதில் நான் எழுதப் போவதில்லை. கோ தூயா மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், குண்டு ஒன்றுகூடத் தன் மெஷினில் வெட்ட மாட்டேன் என்று. அய்யாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, நானும் குண்டு பூட்டினவன் இல்ல. வெறும் ரெக்கை போதும்" என்றார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேலையில் பாதித் தொல்லை வாடிக்கையாளரைப் பிடித்துப் போவதால்தான் வருகிறது.

ஸ்கேல் என்ன என்று கேட்டேன். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் கிட் ஒன்றைப் போனில் காட்டினேன். உள்ளங்கை அளவு. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இதை யாரு ஓட்டுவா, எறும்பா?"

கடைசியில் ஒன்றுக்கு எட்டு என்று முடிவாயிற்று. இறக்கை நுனியிலிருந்து நுனி வரை ஏறக்குறைய நாலே முக்கால் அடி. நீளமும் அதே அளவு. இறக்கையை இரண்டு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டுகிற மாதிரி முதல் பிளானைப் போட்டேன், காண்டோவுக்குச் செய்கிற அதே புத்தியில்.

3. ரோஸி ஏறி வந்தது

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் ஆறு மாடியும் ஏறி வந்து, வாசலிலேயே பிரைமர் டப்பாமேல் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஃபேக்டரி ஐடி கார்டு கழுத்தில் தொங்கியது.

"நீங்கதான் ஏரோப்ளேன் அக்காவா?"

சவரிமுத்து அய்யாவின் ஒரே மகள் ரோஸி. தன்லியினில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரி ஆபீசில் வேலை, அங்கேயே வீடு, புருஷன், பிள்ளைகள். அய்யா இன்சீனில் தனியாக இருந்தார்.

"போன வெயில்காலத்துல அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருக்கா. காலைல விழுந்தவரு மத்தியானம் வரைக்கும் தரையிலயே கெடந்திருக்காரு. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைச்சு எடுத்தாரு. எனக்கு அன்னைலருந்து தூக்கம் இல்ல. எங்க வீட்டுக்கு வாங்கன்னா, 'ஜெட்டு முடியட்டும், அதையும் எடுத்துக்கிட்டு வர்றேன்'ங்கிறாரு. கிறிஸ்மஸுக்குள்ள கூட்டிட்டுப் போயிரணும்க்கா. ஜெட்டு எப்ப முடியும்?"

"பிளான் ஓகே ஆனா மூணு மாசம்."

"பிளான் எப்ப ஓகே ஆகும்?"

"உங்கப்பா கையெழுத்துப் போட்டா."

ரோஸி கோபம் வந்தால் பர்மியத்துக்கு மாறிவிடுவாள். அன்றைக்கு அவள் பர்மியத்தில் சொன்னதில் பாதியை எழுத முடியாது. மீதி இதுதான்: தன்லியின் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது, ஒரு பாலம் தாண்டினால் வந்துவிடும், பஸ் ஓடுகிறது, அந்த மனுஷர் அதை 'தண்ணிக்கு அந்தப் பக்கம்' என்று கடல் கடந்து போகிற மாதிரி சொல்கிறார்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் முடிங்கக்கா. அடுத்த தடவை விழுந்தா பக்கத்து வீட்டுக்காரர் ஊர்ல இருக்கணும்ல."

4. எட்டு பிளான்

பிளான் என்றால் வெறும் படம் இல்லை. என் பிளான் தாளில் நான்கு கட்டம் உண்டு. முதலில் ஸ்கேலும் அளவும். அடுத்து மெட்டீரியல்: உடம்புக்கு ஃபோம், உள்ளே ப்ளைவுட் ஃப்ரேம், மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், விமானி தலைக்குமேல் வருகிற கண்ணாடி மூடியான கேனோபிக்கு அக்ரிலிக். மூன்றாவது, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை. கடைசியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு பெட்டி, வாடிக்கையாளர் கையெழுத்துக்கு.

இந்தச் சில வருஷங்களாக மூன்றாவது கட்டத்தை இரண்டு நிறத்தில் எழுதுகிறேன். சிவப்பு மீ வேலை, நீலம் கை வேலை. மீ என்றால் இங்கே கரண்ட். எங்கள் வார்டுக்கு ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை வரும், மறுநாள் ஒன்றிலிருந்து ஐந்து வரை. அதாவது, வந்தால். லேசர் கட்டர், ஓவன், ஏர்பிரஷ் கம்ப்ரஸர் எல்லாம் சிவப்பு. உப்புத்தாள் தேய்ப்பது, புட்டி பூசுவது, வாடிக்கையாளரைப் பொறுத்துக்கொள்வது எல்லாம் நீலம்.

பிளானைச் சுருட்டிக் கயிற்றில் கிளிப் போட்டு இறக்குவேன். வாரம் ஒரு நாள் அய்யா இன்சீனிலிருந்து சுற்று ரயிலில் வந்து டீக்கடையில் காத்திருப்பார். ஒரு டீ குடிக்கிற நேரம். பிறகு மணி அடிக்கும். தூக்கினால் தாள் முழுக்கச் சிவப்புப் பென்சில்.

முதல் பிளானில் மூக்கு கூராக இருக்கிறதாம், எலி மாதிரி. இரண்டாவதில் சக்கரங்களுக்கு இடையில் தூரம் குறைவு. மூன்றாவதில் எண்ணெய் ஊற்றுகிற மூடி உடம்பின் இடது பக்கம் வர வேண்டும். நான்காவதில் 'இங்கே மிதிக்காதே' என்று இறக்கைமேல் எழுதுகிற எழுத்து அரை மில்லிமீட்டர் பெரிது. ஐந்தாவதில் விமானி ஏறுகிற படி.

"ஊலே பெரிய ஆளு, மா கேத்தி. அம்பது வருஷம் கழிச்சும் மறக்கல" என்றார் கோ தூயா. ஊலே என்றால் சித்தப்பா மாதிரி, பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கும் அதே பிரமிப்புதான். இப்படி ஒரு ஞாபகசக்தியா என்று வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது பிளான் போய் வந்தது. எண்ணெய் மூடி வலது பக்கம் வர வேண்டும் என்று வட்டம் போட்டிருந்தார். சரி என்று மாற்றினேன். ஏழாவதில் மூக்கைக் கொஞ்சம் கூராக்கச் சொல்லியிருந்தார். எவ்வளவு கூர் என்று படமும் போட்டிருந்தார். அந்த மூக்கை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பழைய தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக விரித்தேன்.

முதல் பிளானின் எலி மூக்குதான் ஏழாவதில் திரும்பி வந்திருந்தது. மூன்றாவதில் இடது பக்கம் இருந்த மூடி ஆறாவதில் வலது பக்கம் போயிருந்தது. மூன்று மாதமாக நான் ஜெட்டுக்குப் பிளான் போடவில்லை. அந்தக் கிழவர் தன்லியினுக்குப் போகாமல் இருக்க, நான் பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் பென்சிலை உடைத்தேன். அது கோ தூயாவின் பென்சில்.

5. இன்சீனில்

மறுநாளே மூன்றாவது, ஆறாவது தாள்களையும் புதிதாகப் போட்ட எட்டாவது தாளையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம் முழுக்க என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பலகைச் சுவர் வைத்த சின்ன வீடு. சுவரில் ஸ்பேனர், ஸ்க்ரூட்ரைவர் எல்லாம் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவம் பெயின்ட்டில் வரைந்திருந்தது. வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள்: ஒருவர் கையில் மின்விசிறி, ஒருவரிடம் ரைஸ் குக்கர், ஒரு அம்மாவிடம் தையல் மெஷினின் தலை. அய்யா நடுவில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போகும்வரை இருந்தேன். பிறகு பழைய தாள் இரண்டையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வட்டங்கள்மேலும் ஒவ்வொரு விரலை வைத்தேன். ரயிலில் தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைச் சுவரில் அதன் இடத்தில் மாட்டினார்.

"நீ நல்ல ஃபிட்டர்ம்மா" என்றார். "எங்க ஷெட்டுல இருந்திருந்தா இன்ஸ்பெக்டர் ஆயிருப்ப."

"ரோஸி பயந்துபோய் இருக்கா அய்யா."

"தெரியும். நானும் பயந்துதான் போனேன், அன்னைக்குத் தரையில கெடந்தப்ப. சாகப் பயமில்ல. ஆனா பாரு, இங்க யாருக்கு எது ஒடஞ்சாலும் சவரிமுத்துகிட்டக் கொண்டு வர்றாங்க. தண்ணிக்கு அந்தப் பக்கம் போனா நான் யாரு? ரோஸியோட அப்பா. பேரப்புள்ளைங்க பர்மியத்துல பேசும், நான் தமிழ்ல பேசுவேன், டிவி பாப்பேன். அந்த வீட்டுல எதுவும் உடையாதும்மா, எல்லாம் புதுசு."

சண்டை போடப் போனவள் அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே சொன்னார்.

"சரி. வேலையை ஆரம்பி. இனிமே சிவப்புப் பென்சில் இல்ல. மூடியை இடது பக்கமே வை. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்து. அந்த ஸ்க்ரூ ரெக்கை வேணாம். கழட்டி மாட்டுற ரெக்கை பொம்மைக்கு. அலுமினியக் கம்பி ஒண்ணை ஒரு நுனியிலருந்து மறு நுனி வரைக்கும் விட்டு, எபாக்ஸி பசை போட்டு இறுக்கிரு. ஆடக் கூடாது."

சரி என்றேன். அந்த நேரத்தில் விமானத்துக்கு மூன்றாவது இறக்கை கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அந்த ஒரு 'சரி'யில் ஜன்னல் வழியாகப் போனது, போனது எனக்குத் தெரியவில்லை.

"கையெழுத்து?" என்று, அந்த மாற்றத்தையும் குறித்து எட்டாவது தாளை நீட்டினேன்.

"செஞ்சு முடி. ஃபிட்டர் கையெழுத்து, விமானம் வெளிய நிக்கும்போதுதான்."

6. மீ லா பீ

வேலை ஆரம்பித்தது. தெருவில் கரண்ட் வந்ததும் "மீ லா பீ!" என்று எல்லா மாடியிலிருந்தும் கத்துவார்கள், மீ வந்துவிட்டது என்று. அந்தச் சத்தம் கேட்டால் கோ தூயா சாப்பாட்டுத் தட்டைக்கூட வைத்துவிட்டு மெஷினுக்கு ஓடுவார்.

கேனோபிதான் எங்களை அழவைத்தது. அக்ரிலிக் ஷீட்டை ஓவனில் இளக்கி, மர அச்சுமேல் சட்டென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஓவன் சூடாகி முடிவதற்குள் மீ போய்விட்டது. இரண்டாவது தடவை பாதி இழுக்கும்போது ஷீட் விறைத்து, நசுங்கிய சோப்புப் பெட்டி மாதிரி வந்தது. கோ தூயா அதில் இன்றைக்கும் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறார். மூன்றாவது தடவை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். கண்ணாடிக்குமிழ் மாதிரி வந்தது. கோ தூயா அதற்கு வணக்கம் வைத்தார்.

அய்யா வாரம் தவறாமல் வந்தார். சொன்ன சொல்படி சிவப்புப் பென்சில் வரவில்லை. கயிற்றில் சமூசாப் பொட்டலம் வரும், கூடவே ஒரு சீட்டு: "கேனோபி எப்படி?" "டேங்க் இரண்டும் ஒரே உயரமா?" அவர் கீழே என்ன செய்கிறார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்.

7. இறக்கம்

கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை ரோஸி ஒரு சின்ன லாரி கொண்டுவந்தாள். அய்யாவின் பெட்டியும் டூல்ஸும் அதில் ஏற்கெனவே ஏறியிருந்தன. அய்யா நீல முக்காலியில் இருந்தார். மேலே நானும் கோ தூயாவும் விமானத்தைத் தூக்கினோம். மேலே இருந்து ஒரு மாடி இறங்கினோம். அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலில் எழுதினேன்.

நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், சுழற்றிப் பார்த்தோம். இறக்கை நுழைந்தால் வால் இடித்தது, வால் நுழைந்தால் மூக்கு இடித்தது. கோ தூயா மெதுவாகக் கேட்டார்: "ஒரு ரெக்கையை மட்டும் அறுத்தா?" நான் பார்த்த பார்வையில் அவர் மறுபடி மூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரு வழியாகப் பின்னாலேயே இழுத்து மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அய்யா டீயைக் கீழே வைக்கவில்லை.

"அஞ்சாவது மாடித் திருப்பமா?"

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவர் நோட்டுப் புத்தகம் மேசையில் திறந்தே இருந்தது. எங்கள் படியின் அகலம், திருப்பத்தின் அகலம், கைப்பிடியின் உயரம் எல்லாம் அழகாக எழுதியிருந்தது. கட்டடத்தின் எல்லா மாடிக்கும் ஒரே மாதிரிப் படி. கீழ்ப்படியை அளந்தால் போதும்.

"மூணாவது பிளான்லயே பாத்தேன்" என்றார். "ரெக்கை அளவு போட்டிருந்த, படி அளவு போடல. அப்ப ஸ்க்ரூ இருந்ததால பொழச்ச." கொஞ்சம் கூச்சத்தோடு ரோஸியைப் பார்த்தார். "அறுத்துட்டு மறுபடி செய்யணும்னா எத்தனை நாள் ஆகும்? ரெண்டு மாசம்?"

ரோஸி பர்மியத்தில் வெடிப்பாள் என்று நான் ஓர் அடி தள்ளி நின்றேன். அவள் வெடிக்கவில்லை. தமிழில், சின்னக் குரலில் சொன்னாள்.

"என்கூட வர்றது உங்களுக்கு அவ்வளவு பிடிக்கலையாப்பா?"

அய்யா நோட்டுப் புத்தகத்தை மூடினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஆறு மாடியும் ஏறினேன். ஆறு மாதம் செய்ததை அறுக்கப் போகிறோமென்றால், அறுப்பதற்கு முன்னால் அந்த மனுஷர் ஒருமுறை முழுசாகப் பார்க்கட்டும் என்று தோன்றியது. இருவருமாக விமானத்தைத் தூக்கிப் பால்கனிக் கம்பிக்கு மேலே, தெருவைப் பார்த்து நீட்டினோம்.

கீழே நீல முக்காலி சாய்ந்தது. அய்யா எழுந்து தெரு நடுவில் வந்து நின்றார். கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். விமானத்தின் அடிவயிறு, மடங்காத சக்கரங்கள், இரண்டு டேங்க். பறந்து திரும்புகிறதைக் கீழே நின்று பார்ப்பவனுக்கு மட்டும் தெரிகிற பக்கம் அது.

பிறகு முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, தொண்டை கிழியக் கத்தினார்.

"அறுக்காத! ஒரு ரெக்கையும் அறுக்காத! மேல நைலான் கயிறு இருக்கா?"

அதற்கப்புறம் தெரு அவர் கையில் போனது. ரெக்கை அடியில் இரண்டு கயிறு, வாலில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று கீழே இருந்தே முடிச்சுச் சொன்னார். வால் கயிற்றை நான்காவது மாடிக்காரருக்கு இறக்கினோம், மூக்குக் கயிற்றை மூன்றாவது மாடிக்காரருக்கு. ஐந்தாவது மாடி அம்மா தானாகவே தரை துடைக்கிற மாப்போடு பால்கனிக்கு வந்து, விமானம் தன் டிஷ் ஆன்டெனாவில் இடிக்காமல் தள்ளிவிட நின்றார். தெருவுக்குக் குறுக்கே கரண்ட் கம்பிகள் ஓடுகின்றன. அன்றைக்கு ஒரு மணிக்குத்தான் மீ வரும். ஆறு மாதம் நான் சபித்த மின்வெட்டுக்கு அன்று நன்றி சொன்னேன். ஒரு மணிக்குள் இறக்கியாக வேண்டும், அவ்வளவுதான்.

அய்யா ஷான் பையிலிருந்து, நான் இன்சீனில் விட்டுவந்த பழைய பிளான் இரண்டையும் எடுத்தார். இரண்டாகச் சுருட்டிக் கைக்கு ஒன்றாகப் பிடித்தார். இரண்டு கையையும் தூக்கினார்.

"விடு... விடு... இடது நிறுத்து! வலது விடு!"

என் இடதா, அவர் இடதா என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. கையைப் பார்த்தால் போதும். கையை மடக்கினால் நின்றோம், விரித்தால் விட்டோம். டீக்கடையில் இருந்தவர்கள் முக்காலிகளை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். ஒரு சைக்கா ரிக்ஷா தெருமுனையில் திரும்ப, அய்யா அதையும் கை காட்டி நிறுத்திவைத்தார். நான்காவது மாடியருகே காற்று அடித்து விமானம் சுவர்ப்பக்கம் திரும்பியது. மேலிருந்து மாப் நீண்டு வாலை ஒரு தள்ளுத் தள்ளியது. வாலில் இன்றைக்கும் அந்த மாப்பின் கறை இருக்கிறது.

ரோஸி என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், இரண்டு கையையும் நீட்டியபடி அவர் நகரும்போதெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தாள்.

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அய்யா இரண்டு சுருளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். நில். அதே சமயம் எல்லா மாடியிலிருந்தும் பெரிய ஆரவாரம், கைத்தட்டல். மீ கால் மணி முன்னதாகவே வந்துவிட்டது. அய்யா கைத்தட்டல் தனக்கென்று நினைத்து நாலு பக்கமும் தலையாட்டினார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

நான் கீழே போனபோது அவர் விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எண்ணெய் மூடியைத் தொட்டார்.

"எந்தப் பக்கம் சரி அய்யா? உண்மையைச் சொல்லுங்க."

"இடது. மூணாவது பிளான்ல நான் சொன்னதுதான் சரி." பிறகு ரோஸியைப் பார்த்து, "பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா? போலாம். வழியில குலுங்கக் கூடாது, நான் பின்னால உக்காந்து பிடிச்சுக்கிறேன்" என்றார். எட்டாவது தாளை வாங்கி டீக்கடை மேசையில் வைத்து, பெட்டிக்குள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

8. பாடம்

இப்போது என் பிளான் தாளில் ஐந்து கட்டம். புதிதாக வந்த கட்டம்தான் முதலில் இருக்கிறது: 'எந்த வழியாக வெளியே போகும்?' அதை நிரப்பாமல் ஸ்கேலைக்கூட நான் எழுதுவதில்லை. செய்கிற பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது ஒரு நாள் நம் அறையை விட்டுப் போக வேண்டும். போகிற வழியை முதலிலேயே யோசிக்காவிட்டால், கடைசியில் அறுக்கிற நிலைமைதான் வரும்.

எட்டாவது தாளை அன்று மாலைதான் சரியாகப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே, சிவப்புப் பென்சிலில், இன்னொரு வரி இருந்தது. 'அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்: முப்பது நாள். இடம்: தன்லியின். மாடல் அம்மா நேரில் வரவும்.'

மாதம் ஒருமுறை பாலம் தாண்டிப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பழுது கண்டுபிடித்து வைத்திருக்கிறார். போன மாதம் போனபோது வாசலில் எனக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள், ஒருவர் கையில் ரைஸ் குக்கர். "வரிசையில நில்லும்மா" என்றார். நின்றேன்.